வெளிச்சம் படாத சோடி

இரண்டு கண்களும் சிவந்து வீங்கியிருந்த ஒரு திங்கட்கிழமை அவர் வேலைக்கு வந்தார். மருந்துத் துளியை வலது கண்ணுக்கு மட்டும் விட்டிருந்தார். இடது கண்ணுக்கு ஏன் விடவில்லை என்று கேட்டேன்.

"ரெண்டுக்கும் விட்டா, மருந்தாலை மாறினதோ தானா மாறினதோ எண்டு எப்பிடித் தெரியும் மிஸ்?"

கண்நோய் தொற்றும், முதலில் வீட்டுக்குப் போங்கள் என்று விரட்டிவிட்டேன். வியாழக்கிழமை திரும்பி வந்தபோது இரண்டு கண்ணும் ஒன்றுபோலத் தெளிந்திருந்தன. வரும் வழியில் மருந்துக்கடையில் இறங்கி, அந்த மருந்தால் ஒரு பிரயோசனமும் இல்லை என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டு வந்திருந்தார். கடைக்காரர் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதையும் ஒளிக்காமல் சொல்லியிருப்பார்.

இப்படிப்பட்ட மனிதரோடு கிட்டத்தட்ட ஒரு வருடம் ஒரே அறைக்குள் வேலை செய்தேன். பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் கிளிநொச்சியில் பாதிப்பேருக்கு ஆளைத் தெரியும், மற்றப் பாதிப்பேர் விசாரித்து அறிந்துகொள்வார்கள். நான் கம்பஸில் விரிவுரையாளர். அவர் என் ஆய்வுகூடத்துக்கு ஒப்பந்தத்தில் வந்த தொழில்நுட்ப உதவியாளர். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர் என்பதால் நான் அண்ணை என்பேன். அவர் என்னை மிஸ் என்பார். அவருடைய தாய் தகப்பன் மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து வந்து இங்கே காடு வெட்டிக் குடியேறியவர்கள். அவர் பிறந்தது, படித்தது, கலியாணம் முடித்தது எல்லாம் வன்னியில்தான்.

எதைச் செய்தாலும் ஒன்றை விட்டு வைப்பார். அதுதான் அவர். இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் விளையும் அவருடைய வயலுக்குப் பூச்சிமருந்து அடிக்கும்போது வரம்போரமாக ஒரு துண்டுக்கு அடிக்காமல் விடுவார். வீட்டுக்குப் பெயின்ற் பூசியபோது குசினி யன்னல் ஒன்றைப் பூசாமல் விட்டிருந்தார். மழையும் வெயிலும் மற்ற யன்னல்களை என்ன செய்கின்றன என்று அதை வைத்துத்தான் பார்ப்பாராம். ஒருமுறை அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். அவருடைய மனைவி தேத்தண்ணியைக் கையில் தந்த கையோடு முறைப்பாட்டையும் தந்தா. ஊரெல்லாம் மருந்தடித்து முடிய, எல்லாப் பூச்சிக்கும் எங்கள் வரம்போரத்தில்தான் விருந்து என்றா. அவர் சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தார். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வைக்கிற நேர்த்தியிலும் இப்படி விட்டு வைப்பீர்களோ என்று நான் சீண்டினேன். "அம்மாளோடை விளையாடேலாது மிஸ்" என்றார். அப்போது மட்டும் சிரிப்பு நின்றுவிட்டது.

எனக்கு அவரைப் பிடிக்கும். அதே அளவுக்கு அவரைக் கண்டு எரிச்சலும் வரும். ஏதாவது ஒன்று சரிவந்துவிட்டது என்று நான் துள்ளும்போது, பக்கத்தில் நின்று தலையைச் சரித்துப் பார்த்துக்கொண்டிருக்கிற ஒரு ஆளை எத்தனை நாளைக்குத்தான் சகிப்பது?

எங்கள் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். கைத்தொலைபேசித் திரைக்குள்ளும் கல்குலேற்றர் திரைக்குள்ளும் இருப்பது திரவப் பளிங்கு. பார்த்தால் தண்ணீர்போல ஓடும், ஆனால் அதன் மூலக்கூறுகள் நீண்ட குச்சிகள் போன்றவை. அந்தக் குச்சிகள் எல்லாம் ஒரே திசையைப் பார்த்துப் படுத்தால்தான் திரை வேலை செய்யும். அப்படிப் படுக்க வைப்பதற்குக் கண்ணாடியில் மெல்லிய பொலிமர் படலம் ஒன்றைப் பூசுவார்கள். பழைய முறையில் அந்தப் படலத்தை வெல்வெற் துணியால் ஒரே பக்கமாகத் தேய்ப்பார்கள். துணி தேய்த்த திசையில் குச்சிகள் படுக்கும். ஆனால் தேய்த்தால் தூசி ஒட்டும், கீறல் விழும். அதனால் தொடாமலே செய்கிற ஒரு முறை வந்தது. ஒரே தளத்தில் மட்டும் அதிரும்படி வடித்தெடுத்த லேசர் ஒளியைப் படலத்தின் மீது விட்டால், படலத்தில் கலந்திருக்கும் சாயம் அந்த ஒளிக்குக் குறுக்காகத் திரும்பிக்கொள்ளும். பிறகு குச்சிகளும் அதே பக்கம் திரும்பும். துணியும் இல்லை, தூசியும் இல்லை. என் ஆய்வு விண்ணப்பத்தின் முதல் பந்தியில் இதைத்தான் மிகவும் பெருமையாக எழுதியிருந்தேன்.

நீல ஒளி தரும் அந்த லேசர் எங்களுடையது அல்ல. கொழும்பில் ஒரு பேராசிரியர் ஒரு வருடத்துக்கு இரவல் தந்திருந்தார். வருட முடிவில் தானே வந்து பார்ப்பதாகவும், வேலை நடந்திருந்தால் விட்டுவைப்பதாகவும், இல்லாவிட்டால் காத்திருக்கும் இன்னொரு ஆய்வுகூடத்துக்குக் கொடுப்பதாகவும் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். அண்ணையின் ஒப்பந்தமும் அந்த லேசர் இருக்கும் வரைக்கும்தான். இதைத் தவிர வன்னியில் லேசர் என்று சொல்லிக்கொள்ள வேறொன்று இருந்ததாக எனக்குத் தெரியாது.

அவர் அந்தக் கருவியைப் பார்த்துக்கொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும். அறைக்குள் நுழைந்ததும் மணிக்கூட்டைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போடுவார், பிறகு மோதிரம். பளபளப்பான எதிலும் ஒளி பட்டுத் தெறித்துக் கண்ணுக்கு வரலாம். என் வளையல்களைக் கழற்றச் சொன்னார், கழற்றினேன். தாலிக்கொடியைச் சட்டைக்குள் விடச் சொல்ல அவருக்கு ஒரு வாரம் பிடித்தது. நேரே சொல்லாமல் கதவில் கடதாசியில் எழுதி ஒட்டினார். அந்த அறைக்குள் தாலியோடு வந்து போனது நான் ஒருத்திதான்.

ஒருநாள் கண்ணாடியைப் பிடித்துத் தூக்கும் சாமணம் கீழே விழுந்துவிட்டது. லேசர் எரிந்துகொண்டிருக்க, யோசிக்காமல் எடுக்கக் குனிந்தேன். ஒளி போகும் உயரத்துக்கு முகம் இறங்குவதற்குள் அவர் தன் உள்ளங்கையைக் குறுக்கே வைத்துவிட்டார். கையின் நடுவே நீலப் பொட்டு. நான் எழும்பும் வரைக்கும் கையை எடுக்கவில்லை. அன்றைய படலம் பாழ் என்று நான்தான் கத்தினேன். அடுத்தநாள் சாமணத்தை நூலால் மேசைக்காலில் கட்டி வைத்திருந்தார்.

எங்கள் பெரிய எதிரி தூசி. காடழித்துக் கட்டிய வளவு அது. கோடையில் செம்மண் யன்னல் இடுக்கெல்லாம் புகுந்து வரும். பழைய கணினி விசிறி ஒன்றை மாற்றி அண்ணை செய்த சுழலியில் படலத்தைப் பூசி, காயவைத்து எடுத்தால் அதன் மீது இரண்டு மூன்று துகள் கட்டாயம் இருக்கும். நான் அதைத் துடைப்பேன். அம்மாவின் கூறைச்சேலையில் கிழிந்த துண்டொன்று என்னிடம் இருந்தது. பட்டில் பஞ்சு உதிராது. சாமிப் படம் துடைக்கும்போது அம்மா ஒரே பக்கமாகத்தான் துடைப்பா, திருப்பி இழுத்தால் அழுக்குப் பரவும் என்பா. நானும் கண்ணாடியின் நீளப் பக்கமாக, இடமிருந்து வலமாக, மெல்ல மூன்று தரம். இதை ஆய்வுக் கொப்பியில் எழுதவில்லை. துடைப்பதை யார் எழுதுவார்கள்?

படலம் உள்ளே வரும்படி இரண்டு கண்ணாடிகளைச் சோடியாக ஒட்டி, இடையில் ஒரு சொட்டுத் திரவப் பளிங்கு விடுவோம். ஒவ்வொரு தடவையும் அண்ணை ஒரு சோடியை லேசருக்குக் காட்டாமல் எடுத்து வைப்பார். வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதற்குள் சொட்டு விடக்கூடாது என்று சொல்லியிருந்தேன். எங்களிடம் இருந்ததே பெருவிரல் அளவுப் போத்தல். அவர் விட்டு வைத்த சோடிகள் ஒரு பிஸ்கட் பேணிக்குள் வெறுமையாகச் சேர்ந்துகொண்டிருந்தன.

பத்தாவது மாதத்தில் எனக்குச் சரிவந்தது. ஒளியை ஒரே தளத்தில் மட்டும் விடுகிற முனைவாக்கித் தகடுகள் இரண்டைக் குறுக்காக வைத்து, நடுவில் சோடியைச் சுழற்றினால், ஒரு சுற்றுக்கு நான்கு தரம் இருண்டு நான்கு தரம் வெளித்தது. குச்சிகள் எல்லாம் ஒரே பக்கம் படுத்துவிட்டன என்பதற்கு அதுதான் சாட்சி. திசையும் நான் எதிர்பார்த்ததுபோல நீளப் பக்கமாகவே இருந்தது. நான் அழுதுவிட்டேன். படங்களோடு பேராசிரியருக்கு அறிக்கை அனுப்பினேன். வருட முடிவு வரைக்கும் காத்திராமல் வருகிற வியாழக்கிழமையே வருவதாகப் பதில் வந்தது.

அந்த வாரத் திங்கட்கிழமை காலையில் நான் உள்ளே போனபோது அண்ணை முனைவாக்கியின் முன்னால் நின்றார். என்னைக் கண்டதும் ஒதுங்கி இடம் விட்டார். உள்ளே ஒரு சோடி இருந்தது. சுழற்றிப் பார்த்தேன். இருண்டது, வெளித்தது, இருண்டது. வடிவாக இருக்கிறதே, எந்தத் தொகுதி என்று கேட்டேன்.

"இது லேசருக்குக் காட்டாதது மிஸ். போத்தல் மூடியிலை ஒட்டிக்கிடந்ததை வழிச்சு விட்டனான்."

இன்னொரு தரம் சுழற்றினேன். ஒளியே படாத படலத்தில் குச்சிகள் ஒழுங்காகப் படுத்திருந்தன. யார் படுக்க வைத்தது என்று கேட்க வேண்டிய தேவை இருக்கவில்லை. மேசையில் பட்டுத் துண்டு மடித்துக் கிடந்தது. எந்தத் தேய்ப்பைத் தவிர்க்க இவ்வளவும் என்று எழுதியிருந்தேனோ, அதைத்தான் பத்து மாதமாக என் கையாலே செய்திருக்கிறேன். ஒளி ஏதாவது செய்ததா இல்லையா என்று ஒருவருக்கும் தெரியாது.

எனக்கு முதலில் வந்தது வெட்கம் அல்ல, கோபம். என்னைக் கேட்காமல் ஏன் சொட்டு விட்டீர்கள் என்று அவர்மீது பாய்ந்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். சோடியை எடுத்துக் கைப்பைக்குள் போட்டுப் பூட்டினேன்.

செவ்வாய்க்கிழமை துடைக்காமல் நான்கு கண்ணாடி பூசினோம். பாதி ஒளியூட்டும்போது கரண்ட் போனது. புதன்கிழமை காற்று. படலம் முழுக்கத் தூசி. இருந்த கொஞ்சத் திரவத்தை விட்டுப் பார்த்தபோது சுழற்றச் சுழற்ற ஒரே திட்டுத் திட்டாகவே கிடந்தது. பின்னேரம் ஐந்து மணிக்கு, லேசருக்குக் காட்டிச் சரிவந்த பழைய சோடியை எடுத்து மேசையில் வைத்தேன். நாளைக்கு இதைத்தான் காட்டப்போகிறேன் என்று அவருக்குச் சொல்லாமலே விளங்கியது. நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம், கேட்டால் நான் சொல்லிக்கொள்கிறேன் என்றேன். அவர் வில்லையைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்து முடிந்த பிறகும் துடைத்தார்.

வியாழக்கிழமை பேராசிரியர் பதினொரு மணிக்கு வந்தார். நல்ல மனிதர். மணிக்கூட்டைக் கழற்றச் சொன்னதும் சந்தோசமாகக் கழற்றித் தந்தார். சோடியைத் தன் கையாலே சுழற்றிப் பார்த்துச் சிறுபிள்ளைபோலச் சிரித்தார். தூசிக்குள்ளும் கரண்ட் வெட்டுக்குள்ளும் இதைச் செய்திருக்கிறீர்களே என்று என் முதுகில் தட்டினார். நான் கதிரை ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்த நேரம், குரலில் ஒரு சந்தேகமும் இல்லாமல் கேட்டார். ஒளி காட்டாத ஒன்றும் செய்து பார்த்திருப்பீர்களே?

"செய்தனாங்கள் சேர். அது ஒரு திசையிலையும் நிக்கேல்லை."

அந்தப் பொய்யைச் சொல்லும்போது, ஒளி காட்டாத சோடி கிடந்த என் கைப்பை இரண்டு அடி தள்ளி மேசையில் இருந்தது. பேராசிரியர் தலையாட்டினார். பிறகு மரியாதைக்காக, மூலையில் நின்றவரையும் கதைக்குள் இழுத்தார்.

"தம்பி, நீங்களும் பாத்தீங்களா?"

அண்ணை என்னைப் பார்க்கவில்லை. பேராசிரியரையும் பார்க்கவில்லை. மணிக்கூடு கட்டாத கையை மற்றக் கையால் தடவிக்கொண்டிருந்தார். சொல்லிவிடப்போகிறார் என்று நினைத்தேன். சொல்லிவிட்டால் நல்லது என்றும் ஒரு கணம் தோன்றியதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

"ஓம் சேர்" என்றார்.

லேசர் இன்னும் ஒரு வருடத்துக்கு எங்களிடம் என்று சொல்லிவிட்டுப் பேராசிரியர் சாப்பிடாமலே புறப்பட்டார்.

அதற்குப் பிறகும் அவர் நேரத்துக்கு வந்தார், மணிக்கூட்டைக் கழற்றினார், சொன்னதையெல்லாம் செய்தார். ஒன்றை மட்டும் செய்யவில்லை. எட்டுச் சோடி கொடுத்தால் எட்டையும் லேசருக்குக் காட்டினார். முதல்நாள் மறந்துவிட்டார் என்று நினைத்தேன். இரண்டாம் நாளும் அப்படித்தான். மூன்றாம் நாள், ஒன்று விடவில்லையோ என்று கேட்டேன்.

"தேவையில்லை மிஸ். நீங்கள் சரியெண்டாச் சரிதானே."

குத்திக் காட்டுகிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். முகத்தில் ஒன்றும் இல்லை. எத்தனையோ தரம் எரிச்சல்பட்ட அந்தச் சரித்த தலையை நான் தேட ஆரம்பித்தேன். வயலுக்கும் இந்தமுறை முழுக்க அடித்துவிட்டார் என்று, வழியில் கண்ட அவருடைய மனைவி சந்தோசமாகச் சொன்னா. ஒரு மனிதரின் உயிர்க்குணத்தை நான் முறித்துவிட்டேன் என்று நினைத்தேன். எனக்காக ஒரு பொய் சொன்னதில் அந்த ஆள் தன்னையே கைவிட்டுவிட்டார் என்று நினைத்தேன். படிப்பிக்க நின்றால் கரும்பலகையில் அவர் முகம் தெரிந்தது.

மூன்று வாரம் தாங்கினேன். ஒரு சனிக்கிழமை மத்தியானம் பரந்தன் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது, இனி ஏலாது என்று பேராசிரியருக்குத் தொலைபேசி எடுத்தேன். பட்டுத் துண்டு, ஒளி காட்டாத சோடி, நான் சொன்ன பொய், எல்லாவற்றையும் சொன்னேன். உதவியாளரில் பிழையில்லை, அவரை வாய் மூட வைத்தவள் நான்தான் என்றும் சொன்னேன். என்னுடைய பஸ் வந்து போய்விட்டது. பேராசிரியர், சொன்னதற்கு நன்றி என்றார். இதை எழுத்தில் வைத்து என் வேலைக்கு ஆபத்து உண்டாக்க மாட்டேன் என்றார். ஆனால் காத்திருக்கிறவர்களுக்கு இனி என்ன சமாதானம் சொல்வது, லேசரை வெள்ளிக்கிழமை எடுப்பிக்கிறேன் என்றார். தொலைபேசியை வைத்தபோது எனக்கு உடம்பு பாரமில்லாமல் இருந்தது. ஒரு சோடா வாங்கிக் குடித்தேன்.

திங்கட்கிழமை காலையில், நல்ல செய்தி கொண்டுவருகிறவள்போல அவரிடம் போனேன்.

"அண்ணை, நான் சேரிட்டை எல்லாத்தையும் சொல்லிட்டன். உங்களிலை ஒரு பிழையும் இல்லையெண்டும் சொன்னனான்."

அவர் சுழலியின் திருகாணியை இறுக்கிக்கொண்டிருந்தார். கை நின்றது.

"எப்ப எடுக்க வருவினம்?"

வெள்ளிக்கிழமை என்றேன். தலையை ஆட்டிவிட்டு மிச்சத் திருகாணியையும் இறுக்கினார். நான்கு நாளும் பெட்டி செய்தார். பலகை அரிந்து, உள்ளே தென்னந்தும்பு பரப்பி, வில்லைகளைத் தனித்தனியே துணியில் சுற்றி, ஒவ்வொன்றிலும் பெயர் எழுதி ஒட்டினார். வெள்ளிக்கிழமை லேசரை ஏற்ற வான் ஒன்று வந்தது. ஏற்றும்போது வேறு எவரையும் தொடவிடவில்லை. வான் படலையைக் கடந்து ஏ-ஒன்பது வீதியில் திரும்பும் வரைக்கும் இருவரும் வாசலில் நின்றோம்.

அப்போதுதான் மனதில் இருந்ததைச் சொன்னேன். எனக்காக நீங்கள் அன்றைக்குப் பொய் சொல்ல வேண்டி வந்ததே, அதுதான் என்னை நித்திரை கொள்ள விடவில்லை என்றேன். அவர் சட்டைப் பைக்குள்ளிருந்து மணிக்கூட்டை எடுத்துக் கட்டினார்.

"உங்களுக்காகச் சொல்லேல்லை மிஸ்" என்றார். கோபம் இல்லாத குரல். "எனக்கு இந்த வேலை வேணும். வயலை நம்பி மூத்தவளைப் படிப்பிக்கேலாது. அதுக்குத்தான் ஓமெண்டனான். ஓமெண்ட பிறகு, அதுக்குப் பிறகும் ஒண்டை விட்டு வைச்சுப் பாக்கிறதுக்கு எனக்கு வெக்கமாக் கிடந்தது."

வேறு ஏதாவது வேலைக்கு எழுதிக் கேட்கிறேன் என்று முணுமுணுத்தேன். எழுதுங்கோ மிஸ் என்றார். பிறகு சைக்கிளை எடுத்து, ஏறாமல், கைபிடியைப் பிடித்தபடி நின்றார்.

"நீங்கள் சொன்னது பிழையெண்டு நான் சொல்லமாட்டன். சொல்ல முன்னம் என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம்."

அவர் போனபிறகு வெறும் மேசையின் முன்னால் இருந்தேன். கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பாரா, சொல்லுங்கோ என்றிருப்பாரா? எனக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்வதற்கு இருந்த ஒரே வழியை, பரந்தன் சந்தியில் நின்று என் மனம் இலேசாக வேண்டும் என்பதற்காக நானே இல்லாமல் செய்துவிட்டேன்.